ஐந்தாவது பாட்டின் மீதி

எனக்கு அரைகுறை என்றாலே ஆகாது. பாதி துவைத்த துணி, பாதி திருத்திய விடைத்தாள், பேச்சின் நடுவில் எழுந்து போகிற ஆள், எதைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். அதனால்தான் மூன்றாவது சி.டி.யில் ஐந்தாவது பாட்டு பாதியில் நின்றதும் குவைத்தில் இருந்த என் வீட்டுக்காரர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அவர் பெயர் கதிர்வேல். சிதம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் செய்துகொண்டிருந்தவர், 2005 ஜூலையில் ஒரு கேட்டரிங் கம்பெனி மூலமாக குவைத் போனார். அங்கே ஓர் அமெரிக்க ராணுவ கேம்பின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. நானும் மாமியார் இருசம்மாளும் சிதம்பரத்தில் இருந்தோம். நான் கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், தினமும் பஸ்தான் எனக்குப் பாதி வீடு.

ஊரிலிருந்து குவைத் போனவர்கள் சென்ட் பாட்டில் அனுப்புவார்கள், போர்வை அனுப்புவார்கள். இவர் பாட்டு அனுப்பினார். அதுவும் என்ன பாட்டு! முதல் சி.டி.யை வி.சி.டி. பிளேயரில் போட்டதும் யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவது போல ஒரு குரல். பின்னால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இடைவிடாமல் ஒரு வாத்தியம். அத்தை சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "எவன்டி அவன், யாரு செத்ததுக்கு இப்பிடி அழுவுறான்?" என்று கேட்டார்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவருடைய குரல் வந்தது. சின்ன வயசில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஆள். அறிவிப்பாளர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு சாம்பார் வைக்கப் போனவர். பேசுவது சிதம்பரத் தமிழ், அறிவிப்பு மட்டும் சுத்தத் தமிழ்.

"அடுத்து வருவது, கெண்டக்கி மலைப்பகுதியின் ரயில் பாடல். விரும்பிக் கேட்பவர், சிதம்பரம் வெண்மதி ஆசிரியை அவர்கள்."

நான் எங்கே விரும்பிக் கேட்டேன்? தலையெழுத்து, கேட்டேன். ஆனால் அவர் குரல் வருகிறதே என்று தினமும் போட்டேன். போடப் போட பாட்டும் உள்ளே வந்துவிட்டது.

இந்தப் பாட்டுகளை அவருக்குக் காட்டியவர் வெண்டல் என்ற சூப்பர்வைசர். அறுபது வயதை நெருங்கிய அமெரிக்கர், அந்தக் கெண்டக்கி மலை நாட்டுக்காரர், ராணுவத்துக்காரர் அல்ல, கம்பெனி ஆள். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பேன்ஜோ, அந்த ஆலங்கட்டி வாத்தியம்தான், வைத்திருந்தாராம். மத்தியான வேலை முடிந்ததும் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து வாசிப்பாராம். "மொதல்ல எனக்கும் தலவலிதான் மதி," என்று ஒரு வெள்ளிக்கிழமை போனில் சொன்னார். "அவருதான் கேக்கக் கத்துக் குடுத்தாரு. ஒரு தடவைக்கு ஒரு வாத்தியம். மொத தடவ பேன்ஜோவ மட்டும் கேளு. அடுத்த தடவ ஃபிடில மட்டும். அப்பறம் மாண்டலின். கடைசியிலதான் பாடுறவன். அப்பிடிக் கேட்டுப் பாரேன்."

அப்படியே கேட்டேன். வெங்காயம் உரிக்கும்போது பேன்ஜோ, விடைத்தாள் திருத்தும்போது ஃபிடில். இரண்டாவது சி.டி. வந்தபோது நானே அவருக்குச் சொல்லித்தரும் அளவுக்குப் போய்விட்டேன். சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போனவனின் பாட்டு ஒன்று இருந்தது. நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போகிற சொந்தக்காரர்கள் எனக்கு நாலு பேர் உண்டு. அந்தப் பாட்டை அவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். ஒரு பெரியப்பா சொல் ஒன்றும் புரியாமலே கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இன்னொரு தரம் போடும்மா" என்றார். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. நம் ஊரில் அதற்கு போலீஸ் வரும், அவர்கள் ஊரில் பாட்டு வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் அறிவிப்பில் கிண்டலடித்திருந்தார். அத்தைக்கு ரயில் பாட்டு பிடித்துப்போய், சாயங்காலமானால் "அந்த ரயில விடு" என்பார்.

மூன்றாவது சி.டி. 2006 ஜூன் கடைசியில் வந்தது. கொண்டுவந்தவர் பரங்கிப்பேட்டை நூர்தீன். என் வீட்டுக்காரரோடு அதே கேம்பில் வேலை, ரெண்டு மாச லீவில் வந்திருந்தார். அந்த சி.டி.யில் ஐந்தாவது பாட்டு மட்டும் ரெக்கார்டில் இருந்து எடுத்தது இல்லை. வெண்டலே வாசித்தது. அதற்கு முன்னால் வந்த அறிவிப்பும் வேறு மாதிரி இருந்தது. விரும்பிக் கேட்பவர் பெயரெல்லாம் இல்லை. "இது வெண்டல் வாசித்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பாட்டு இல்லை, வெறும் பேன்ஜோ. சுற்றிச் சுற்றி ஒரே மெட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகம் கூடும். மூன்று நிமிஷம் ஆகி, இப்போதுதான் நன்றாக வருகிறது என்று நிமிரும்போது தூரத்தில் ஊ என்று ஒரு இழுவை கேட்கும். ஏறி ஏறி வரும். அவ்வளவுதான், டக்கென்று நின்றுவிடும். அடுத்த பாட்டு வந்துவிடும்.

"அஞ்சாவது பாட்டு பாதிதான் இருக்கு, மீதி எங்க?" என்று அந்த வெள்ளிக்கிழமை போனில் சண்டை போட்டேன்.

"அப்பிடியா? அனுப்புறேன்," என்றார். வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரமும் அதே பதில். மூன்றாவது தடவை கேட்க எனக்குப் பொறுமை இல்லை. நூர்தீன் அண்ணனிடம் முழுப் பாட்டு இருக்கும், வாங்கிக்கொள்ளலாம் என்று ஜூலை ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, சி.டி.யைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

நூர்தீன் அண்ணனின் மனைவி சுபைதா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். மீன் குழம்பு வாசனை தெருமுனைக்கே வந்திருந்தது. அண்ணன் கூடத்தில் கட்டிலில் சாய்ந்து, மூணு வயசு மகளை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டா? இதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க தங்கச்சி?" என்று சிரித்தார். "கதிரு கொடுத்தான், கொண்டாந்தேன். நான் கேக்கக்கூட இல்ல. போடுங்க, பாப்போம்."

பிளேயரில் போட்டு ஐந்தாவது பாட்டுக்குத் தள்ளினேன். பேன்ஜோ ஆரம்பித்தது. அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"இது வெண்டல் சார் கையி," என்றார் மெதுவாக. "இத எப்ப எடுத்தான் இவன்?"

நான் அந்த இடம் வரட்டும் என்று காத்திருந்தேன். சுபைதா டீ கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார். வேகம் கூடிக்கொண்டே போனது. குழந்தை தாளத்துக்குத் தலையை ஆட்டியது. அப்புறம் அந்த இழுவை.

அண்ணன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து தரையில் குப்புற விழுந்தார். ஒரு கை குழந்தையின் தலைமேல், இன்னொரு கை தன் பிடரிமேல். ஸ்டூல் சாய்ந்து டீ டம்ளர் உருண்டு சுவரில் முட்டியது. குழந்தை வீறிட்டு அழுதது. அடுத்த பாட்டு ஆரம்பித்து ஒருவன் ஜாலியாகப் பாடிக்கொண்டிருந்தான். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

சுபைதாதான் பிளேயரை நிறுத்தினார். குழந்தையை அவர் கையிலிருந்து பிரித்து எடுத்தார். சிந்திய டீயை மிதித்துக்கொண்டு நின்றபடி கணவரைப் பார்த்தார்.

"என்னாங்க அது?"

அண்ணன் எழுந்து சட்டையில் இருந்த தூசியைத் தட்டினார். என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

"சைரன்," என்றார். "ராக்கெட் வரும்போது அடிக்கிறது."

"குவைத்துல எங்க ராக்கெட் வருது?" என்று நான்தான் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. 

"குவைத்துல இல்ல தங்கச்சி. ஈராக்கு." அவர் சட்டையை இன்னொரு தடவை தட்டினார். "குவைத்துல இருந்தது ஒரு மாசம்தான். அப்பறம் பஸ்ல ஏத்தி பார்டர் தாண்டிக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. சம்பளம் ஜாஸ்தின்னு நாங்களும் ஒத்துக்கிட்டோம். நம்ம கவர்மெண்டு போவக்கூடாதுன்னு சொல்லியிருக்கு, வீட்ல தெரிஞ்சா பயப்படுவாங்க, யாருக்கும் சொல்ல வேணாம்னு கதிரும் நானும் பேசி வச்சிக்கிட்டோம்."

ஒரு வருஷம். ஐம்பது வெள்ளிக்கிழமை. "குவைத்துல வெயில் கொளுத்துது மதி" என்று ஐம்பது தடவை சொல்லியிருக்கிறார். நான் மோர் குடியுங்கள், தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அந்த நிமிஷம் அவர் எதிரில் இருந்திருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன்.

சுபைதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது, பூட்டுகிற சத்தம் கேட்டது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தார்.

"உங்க பாஸ்போர்ட்டு உள்ள இருக்கு," என்றார் கணவரிடம். "இனிமே அது அங்கதான் இருக்கும். வெண்மதி, சாப்புடாம போவக்கூடாது."

யாருக்குச் சோறு இறங்கும்? கிளம்பும்போது அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். அப்போதுதான் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"தங்கச்சி, பதினஞ்சாந் தேதி அங்க காண்ட்ராக்ட் புதுப்பிக்கிறாங்க. கையெழுத்து போட்டான்னா இன்னும் ஒரு வருஷம், நடுவுல விட மாட்டாங்க. போடலன்னா அவங்களே பிளைட்டு ஏத்தி அனுப்பிடுவாங்க. இப்ப முன்ன மாரி இல்ல, வாரத்துக்கு ரெண்டு தடவ விழுது. நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

"அந்த அஞ்சாவது பாட்டு... அதுக்கப்பறம் என்ன ஆச்சு?"

அவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, "அத கதிருதான் சொல்லணும்," என்றார்.

ஞாயிறிலிருந்து வெள்ளி வரை ஐந்து நாள். நானாக அவரைக் கூப்பிட வழி கிடையாது. அவர்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கார்டு போட்டு எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிடுவார். நூர்தீன் அண்ணன் யாருக்கோ மெயில் அனுப்பிப் பார்த்தார், பதில் இல்லை. நான் வகுப்பில் கரும்பலகையில் ஒன்று எழுதினேன், வாயில் வேறு சொன்னேன். வீட்டில் அத்தைக்கு எதுவும் தெரியக்கூடாது. அவருக்கு ரத்தக்கொதிப்பு, இதைச் சொன்னால் அன்றைக்கே படுத்துவிடுவார் என்று பயந்தேன். செய்தி வரும் நேரமானால் சேனலை மாற்றினேன். "என்னாடி, சீரியலா பாக்குற?" என்றார் அத்தை. நான் சீரியல் பார்க்கிற ஆளே இல்லை.

அந்த சி.டி.யை மட்டும் தினமும் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஒரு தடவைக்கு ஒரு வாத்தியம் என்று அவர் சொன்னாரே, நான் சைரனை மட்டும் கேட்டேன். எந்த விநாடியில் தொடங்குகிறது, எத்தனை விநாடி ஏறுகிறது என்றெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கேட்கக் கேட்கக் கோபம்தான் வளர்ந்தது. மறைக்கிற மனுஷன் ஒழுங்காகவாவது மறைக்க வேண்டாமா? அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு அனுப்பத் தெரியாதா? கம்ப்யூட்டரில் சி.டி. போடத் தெரிந்தவருக்கு இது தெரியாதா?

ஜூலை பதினாலு, வெள்ளிக்கிழமை. தலைவலி என்று சொல்லி பள்ளியில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் மூன்றே முக்காலுக்கு பஸ் ஏறினால் ஐந்தேகாலுக்கு வீடு. நேரம் தாராளமாக இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் டயர் வெடித்தது. ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்டால் கண்டக்டர் சிரித்தார். பின்னால் வந்த பஸ்களில் எல்லாம் படிக்கட்டு வரை ஆள் தொங்கியது, ஒன்றும் நிற்கவில்லை. ஐந்து மணிக்கு ரோட்டின் நடுவில் போய்க் கைப்பையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஏற்றிக்கொண்டார். சிதம்பரத்தில் இறங்கும்போது மணி ஆறு பத்து. ஆட்டோவில் ஏறினால் தெற்கு வீதி முழுக்கக் கூட்டம். அன்றைக்குப் பார்த்து ஊரில் யாருக்கும் வீட்டில் வேலை இல்லை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். அத்தை போனில், "கீரைதான் கண்ணு, முருங்கக்கீர... ஆமா, அவ இன்னும் வர்ல" என்று பேசிக்கொண்டிருந்தார். பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"மாமா."

"என்னா மதி, ஓடி வந்தியா? மூச்சு வாங்குது."

"கார்டுல எத்தன நிமிஷம் இருக்கு?"

"நாலு நிமிஷம் இருக்கும். பாதிய அம்மாவே முடிச்சிட்டாங்க."

அத்தை இரண்டடி தள்ளி உட்கார்ந்து முறத்தை இழுத்துக் கீரை உருவ ஆரம்பித்தார். வெளியே போங்கள் என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை போன் அவருக்கும் சேர்த்துத்தான்.

"அந்த அஞ்சாவது பாட்டு மாமா."

"அதான் அனுப்புறேன்னு..."

"கடைசியில ஒரு சத்தம் வருதே, அது என்னா வாத்தியம்?"

லைன் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"ஃபிடிலு," என்றார்.

"ஃபிடில் எனக்குத் தெரியும். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. இது ஃபிடில் இல்ல."

"அப்பிடின்னா... வெளிய ஏதாவது வண்டி..."

"நூர்தீன் அண்ணன் வீட்ல போட்டுக் காட்டினேன். கேட்டதும் அண்ணன் பாப்பாவ தூக்கிக்கிட்டு தரையில குப்புறப் படுத்துட்டாரு."

அத்தை தலையைத் தூக்கினார். என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "அய்யய்ய, அவ்ளோ மோசமாவாடி இருக்குது பாட்டு?" என்றார். எனக்கும் சிரிப்பது போல நடிக்க வேண்டியிருந்தது.

"அம்மா பக்கத்துலயா இருக்காங்க?" என்றார் அவர். குரல் அடியோடு மாறியிருந்தது.

"கீரை உருவுறாங்க."

"அவங்களுக்கு..."

"தெரியாது. எனக்கு மட்டும்தான்." ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நேயர் விருப்பம் ஒன்னு இருக்கு. எழுதிக்கோங்க. விரும்பிக் கேட்பவர், சிதம்பரம் வெண்மதி. நாளைக்கு எதுலயும் உங்க குரல் பதிவாகக் கூடாது, கையும் பதிவாகக் கூடாது. புதுசா எதுவும் வேணாம். இருக்கிற மூணு சி.டி. போதும் எனக்கு."

"மதி, ஒரே ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்த முடிச்சிட்டன்னா..."

"அந்தப் பாட்டோட மீதிய இன்னும் நீங்க அனுப்பல. ஒரு வருஷம் கழிச்சி நீங்களும் எனக்குப் பாதிதான் வருவீங்களா?"

என் குரல் உடைந்துவிட்டது. அத்தை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் டீ, டீ என்று கார்டு முடியப்போகிற மணி அடிக்கத் தொடங்கியது.

"அந்தப் பாட்டுக்கு மீதி கெடையாது மதி," என்றார். "வாசிச்சவரு இல்ல. போய்ட்டாரு."

"மாமா, நாளைக்கு நீங்க..."

போன் அறுந்துவிட்டது.

கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா? பதில் வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு, திங்கள் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஒரு வருஷத்தில் அவர் கூப்பிடாத முதல் வெள்ளிக்கிழமை அது. ஏழு மணிக்கு அத்தை, "லைனு கெட்டுப் போயிருக்கும்" என்றார். நான் ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வைத்துவிட்டு, "ஆமா அத்தை, கெட்டுப் போயிருக்கு" என்றேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. நூர்தீன் அண்ணனைக் கூப்பிட்டால் அவருக்கும் தகவல் இல்லை. போடலன்னா அனுப்பிடுவாங்க என்றாரே, இரண்டு வாரம் ஆகிறதே, எங்கே அனுப்பினார்கள்? என்ன என்னவோ தோன்றியது. நான்தான் அவரைக் குழப்பி எதிலாவது கொண்டுபோய் விட்டுவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். அத்தை அந்த வாரத்தில் ஒரு தடவைகூட மகனைப் பற்றிக் கேட்கவில்லை. ரயில் பாட்டும் கேட்கவில்லை. ஆனால் செய்தி நேரத்தில் நான் சேனலை மாற்றுவதற்கு முன்னால் அவரே மாற்றினார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் இரண்டு, புதன்கிழமை, பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு ஜோடி ஷூ. மண் நிறத்தில், கணுக்கால் வரை வருகிற ஷூ. நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். 

அத்தைதான் வெளியே வந்தார். "தூங்குறான். எழுப்பாத. குவைத்துல கொண்டாந்து வச்சி பாஸ்போர்ட்டு குடுக்கவே ரெண்டு வாரம் இழுத்துட்டானுங்களாம். போன் பண்ணவும் வழியில்லயாம்." என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஈராக்குல இருந்து வந்தவன், சத்தம் இல்லாம தூங்கட்டும்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பாட்டு கேட்டு எந்த மனுசன்டி புள்ளைய தூக்கிக்கிட்டு தரையில படுப்பான்?" என்றார். "எனக்கு இங்கிலீசுதான் தெரியாது. நான் எழுந்து அழுதன்னா நீ பேச மாட்ட, நிமிசம் போயிடும். அதான் சிரிச்சி வச்சேன்."

அந்த இரண்டரை வாரத்தை இந்த மனுஷி எப்படிக் கழித்தார்? இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பயத்தை வைத்துக்கொண்டு, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி டி.வி. சேனலை மாற்றிக்கொண்டிருந்தோம். அவர் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். அவரும் அழுதார். தூங்குகிறவரை எழுப்பக்கூடாதே என்று மட்டும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம்.

நான்கு நாள் அவர் அதிகம் பேசவில்லை. நானும் திட்டவில்லை, எனக்கு அது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், அவராகவே எழுந்து மூன்றாவது சி.டி.யை எடுத்துப் பிளேயரில் போட்டார். ஐந்துக்குத் தள்ளினார்.

"வேணாம் மாமா," என்று எழுந்தேன்.

"இரு," என்றார்.

பேன்ஜோ சுற்றத் தொடங்கியது. அவர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அத்தை கதவோரம் வந்து நின்றார்.

"இத வெட்டிட்டு அனுப்பியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன். இத்தனை நாள் தொண்டையில் இருந்த கேள்வி. "சைரன் வர்ற எடத்த மட்டும் வெட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அவருக்கு ஒரு பழக்கம்," என்றார். "சுத்த முடிக்காம கைய எடுக்க மாட்டாரு. யாரு கூப்பிட்டாலும், எது வந்தாலும், எடுத்த சுத்த முடிச்சிட்டுத்தான் எழுந்திரிப்பாரு. அன்னிக்கி சைரன் அடிச்சதும் நான் பாட்ட பதிவு பண்ணிக்கிட்டிருந்த பிளேயர அங்கயே போட்டுட்டு பதுங்குற பங்கருக்கு ஓடிட்டேன். வாங்க சார்னு கத்திக்கிட்டே ஓடினேன். வந்தாரு. பின்னாடியேதான் வந்தாரு. வாசல் தாண்டி பத்தடி வந்துட்டாரு." தொடைக்கு அடியில் இருந்த கையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். "அதுக்கப்பறம் பிளேயர்ல பதிவானத எல்லாம் வெட்டிட்டேன். இதுக்கு மேல வெட்ட முடியல."

"ஏன்?"

"நீ சைரனையே கேட்டுக்கிட்டு இருந்திருக்க. இந்த தடவ பேன்ஜோவ மட்டும் கேளு."

இழுவை தொடங்கியது. அவர் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, அவர் சொன்ன மாதிரியே, மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கினேன். ஏறிவருகிற சைரனுக்கு அடியில் பேன்ஜோ நிற்கவே இல்லை. அத்தனை தடவை கேட்டும் என் காதில் விழாத நான்கு மீட்டல் அங்கே இருந்தது, ஒவ்வொன்றும் நிதானமாக, அவசரமே இல்லாமல். நான்காவதில் சுற்று முடிந்தது.

பாட்டு பாதியில் நிற்கவில்லை. நான் பிளேயரை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.